கல்லறையில் வேதம் படித்தவர்

தேரிக்காட்டின் ஓரத்தில், செம்மணலுக்கும் பனங்காட்டுக்கும் நடுவே, சந்தோஷபுரம் என்றோர் ஊர் இருந்தது. பெயர் வைத்தவர்கள் நல்ல மனதோடுதான் வைத்திருப்பார்கள். அந்த ஊர்ச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் குழி வெட்டியவர் சுவிசேஷமுத்து என்னும் அடியார். கோழி கூவும்போது எழுந்து, குடிசைக்குள் மண்வெட்டிக்குப் பக்கத்தில் முழங்கால்படியிட்டு ஜெபிப்பார். "ஆண்டவரே, இன்னிக்கு எனக்கு வேலை வராம இருக்கட்டும்" என்பதுதான் முதல் விண்ணப்பம். வேலை வராவிட்டால் அவர் வீட்டு அடுப்பு எரியாது. அது நன்றாகத் தெரிந்திருந்தும் அந்த விண்ணப்பத்தை அவர் ஒருநாளும் மாற்றிக்கொண்டதில்லை.

ஊரார் அவரை ஒதுக்கினார்கள் என்று சொல்லிவிட முடியாது. கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள், கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு கூப்பிடுவார்கள். கோயிலில் இடம் உண்டு. கதவோரத்துத் தூணுக்குப் பின்னால். அவர் அதையெல்லாம் குறையாக எண்ணியவரில்லை. தூணுக்குப் பின்னாலும் பிரசங்கம் கேட்கத்தான் செய்கிறது என்பார்.

வாந்திபேதி வந்த வருஷத்தில் அவருடைய மனைவி ஞானப்பூவும் இரண்டு வயது மகனும் ஒரே பகலில் போய்விட்டார்கள். கூட வந்து மண்வெட்டியைத் தொட யாருக்கும் தைரியமில்லை. அவரே வெட்டி, அவரே இறக்கி, அவரே மூடினார். கல் நாட்ட வசதியில்லாமல் ஒரு மரச்சிலுவை நட்டார். அதையும் கறையான் தின்றது. மற்றக் கல்லறைகளில் பெயருக்குக் கீழே ஒரு வேத வசனம் வெட்டிவைப்பது அந்த ஊர் வழக்கம். தன் வீட்டாருக்கு வெட்டிவைக்க முடியாவிட்டாலும், தலைமாட்டில் நின்று சொல்லவாவது ஒரு வசனம் வேண்டும் என்று அவருக்கு ஏக்கம் வந்தது. எழுத்து ஒன்றுகூடத் தெரியாத அந்த மனிதர் கல் கல்லாகப் போய் நின்றார்.

கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு அடிக்க வருகிறவர்களிடம், "இதிலே என்ன எழுதியிருக்கு?" என்று கேட்பார். அவர்கள் சொன்னதை மனதில் வாங்கிக்கொண்டு, எழுத்தின் பள்ளத்தில் விரலை வைத்துத் தடவித் தடவிப் படிப்பார். ஐந்து வருஷத்தில் நூற்று முப்பது கல்லும் மனப்பாடம் ஆகிவிட்டது. அதில் எது ஞானப்பூவுக்கு என்று தீர்மானிக்க முடியாமல், நாளுக்கு ஒன்றாக அவள் தலைமாட்டில் சொல்லிவந்தார். படிக்கப் படிக்கப் பசி கூடியது, கற்களோ தீர்ந்துவிட்டன. இனி ஒரு புது வசனம் வேண்டுமென்றால் ஊரில் ஒருவர் சாக வேண்டும். அதை நினைத்து நடுங்கிப்போய், புதுக்கல் நாட்டினால் அந்தப் பக்கமே திரும்பாமல் இரண்டு நாள் இருப்பார். மூன்றாம் நாள் போய்ப் படித்துவிடுவார்.

கற்றதைத் தனக்கென்று வைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது. காலைக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொண்டு, வாசலுக்குத் தள்ளி நின்று, வீட்டிலிருக்கிறவர்களைப் பெயர் பெயராகச் சொல்லி ஜெபித்து, ஒரு வசனத்தையும் சொல்லி வாழ்த்திவிட்டுப் போவார். அவருக்குத் தெரிந்த வசனமெல்லாம் கல்லறை வசனம். புது வீடு பிரதிஷ்டை செய்த இடத்தில் போய், மனுஷன் மண்ணாயிருக்கிறான், மண்ணுக்கே திரும்புவான் என்ற பொருள்பட முழு மனதோடு வாழ்த்தினார். பிள்ளை பெற்ற வீட்டில், உழைத்தது போதும், இனி இளைப்பாறட்டும் என்றார். "மாப்பிள்ளைக்கு இப்பவே இடம் பாத்துட்டாரு" என்று கல்யாண வீட்டில் சிரித்தார்கள். அவரும், தன் ஜெபத்தினால் எல்லாரும் மகிழ்ச்சியாயிருக்கிறார்கள் என்று எண்ணிக் கூடச் சிரித்தார்.

சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. அந்த வருஷத்து ஆடிக் காற்று ஓயாமல் அடித்தது. தேரியின் மணல் ஊர்ந்து ஊர்ந்து வந்து, பழைய கல்லறைகளின் கால்மாட்டை மூடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை அவர் ஜெபித்த வீட்டில் வியாழக்கிழமை ஒருவர் பனையிலிருந்து விழுந்தார். அடுத்த வாரம் வாழ்த்திய வீட்டில், தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சற்றே தலைசாய்த்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது வீட்டில் ஒரு கைக்குழந்தை. மூன்று குழியையும் வெட்டியவர் அவர்தான்.

அதன்பின் அவர் தெருவுக்குள் நுழைந்தால், கதவுகள் சாத்தப்படுகிற சத்தம் அவருக்கு முன்னால் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. தாய்மார்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் கையைத் தட்டிக் கூப்பிட்டார்கள். அவர் வாயில் ஒரு பெயர் விழுந்தால் அந்த ஆள் தங்கமாட்டான் என்று ஊரே நம்பத் தொடங்கியது. யார் நம்பினாலும் பாதகமில்லை. அவரே நம்பிவிடுவாரோ என்று ஆகிவிட்டது. தான் உருகி உருகிச் செய்கிற ஜெபமே ஆட்களைக் கொல்கிறதோ என்று ஞானப்பூவின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதார். ஜெபிக்கவும் பயம்; ஜெபிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஞாயிறு பள்ளி நடத்தும் ரஞ்சிதம் டீச்சர் ஒருநாள் தன் தாயின் கல்லறைக்கு வந்தபோது, சுவிசேஷமுத்து தள்ளி நின்று தன் குறையைச் சொன்னார். டீச்சர் அவர் சொல்லும் வசனங்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"அண்ணாச்சி, இதெல்லாம் அடக்க ஆராதனையிலே வாசிக்கிறதுல்லா? இதையா பிள்ளை பெத்த வீட்டிலே சொன்னீங்க?"

"எனக்குத் தெரிஞ்சது இதுதான் டீச்சர்." பிறகு கேட்டார். "அப்போ, உசிரோட இருக்கவங்களுக்கும் வேதத்திலே வசனம் இருக்கா?"

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கலங்கிவிட்டது. "அதுதான் ரொம்ப இருக்கு. ஞாயித்துக்கிழமை வாங்க."

அப்படித்தான் ஐம்பது வயதில் அவர் சிறுபிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார். பெரியவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்று மாதத்தில் அவர் கற்றது கொஞ்சமல்ல. கல்யாணத்தில் தண்ணீர் திராட்சரசமானதைக் கேட்டார். புயல் அடங்கியதைக் கேட்டார். ஒவ்வொன்றையும் குடிசைக்குக் கொண்டுபோய், ஜெபத்தில் வைத்து, ஆண்டவரிடமே திருப்பிச் சொல்லிப் பார்ப்பார். "இது எனக்கு யாரும் சொல்லலையே ஆண்டவரே" என்பார். பாயில் அவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் எப்சிபா, ஏழு வயதுச் சிறுமி. தன் புத்தகத்தை அவர் பக்கமும் நகர்த்தி வைப்பாள். சபை மூப்பர் அருமைநாயகத்துக்குப் பதினான்கு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை அவள்.

வகுப்பு முடியும்போது முறைவைத்து ஒருவர் தன் பக்கத்தில் இருப்பவருக்காகப் பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டும் என்பது டீச்சர் வைத்த வழக்கம். ஒரு ஞாயிறு அவருடைய முறை வந்தது. அவர் வெகுநேரம் தயங்கினார். பிள்ளைகள் காத்திருந்தார்கள். கடைசியில் எப்சிபாவின் பெயரைச் சொல்லி ஜெபித்தார். அது மூப்பரின் காதுக்குப் போக ஒரு வாரம் ஆயிற்று.

அடுத்த ஞாயிறு டீச்சர் ஒரு தகப்பனின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெப ஆலயத்துத் தலைவர் ஒருவர். அவருடைய சின்ன மகள் சாகக் கிடக்கிறாள். அவர் ஆண்டவரின் காலில் விழுந்து வீட்டுக்கு அழைக்கிறார். ஆண்டவரும் புறப்படுகிறார். வழியெல்லாம் கூட்டம், தாமதம். அதற்குள் வீட்டிலிருந்து ஆள் வந்து, பிள்ளை இறந்துவிட்டாள், இனி போதகரை ஏன் வருத்தப்படுத்துகிறீர் என்று சொல்கிறான். டீச்சர் இந்த இடத்துக்கு வந்தபோது மூப்பர் உள்ளே வந்தார்.

"எந்திரி முத்து," என்றார். "போன வாரம் என் பிள்ளை பேரைச் சொல்லி ஜெபிச்சியா?"

"ஜெபிச்சேன் ஐயா."

"நான்தான் செய்யச் சொன்னேன்," என்று டீச்சர் குறுக்கே வந்தார். மூப்பர் அவர் பக்கம் திரும்பவில்லை.

"இனி இந்தப் படி ஏறாத. அவ பேரு உன் வாயிலே வரக்கூடாது."

மகளையும் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு போனார். சுவிசேஷமுத்து வாசற்படியில் நின்று, "டீச்சர், அதுக்கப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டார். மூப்பர் வெளியே நின்றுகொண்டிருந்ததால் டீச்சர் பதில் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே எப்சிபாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஊருக்கு இனி வேறு சாட்சி வேண்டுமா? திங்கள், செவ்வாய் என்று காய்ச்சல் ஏறியதே ஒழிய இறங்கவில்லை. புதன்கிழமை பிள்ளைக்குப் பேச்சு நின்றது. வெள்ளிக்கிழமை மத்தியானம் டவுன் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மூப்பரைத் தனியாக அழைத்து, விடியும்வரை தாங்கினால் பெரிய காரியம் என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். மேற்கே வானம் கறுத்து வந்தது. பறவைகளெல்லாம் எங்கோ போய்விட்டிருந்தன. பனையோலைகள் அசையவில்லை.

அந்த நேரத்தில் மூப்பர் அருமைநாயகம் குழிவெட்டியின் குடிசைக்கு நடந்து வந்தார். வாழ்நாளில் அதுவே முதல் தடவை.

"மழை வருது," என்றார். "விழுந்துட்டா ஓடைத் தண்ணி தோட்டத்திலே ஏறிரும். மூணு நாளைக்கு வெட்ட முடியாது. போன ஐப்பசியிலே ஒரு பிரேதம் கிடந்த கிடை எனக்குத் தெரியும். என் பிள்ளை அப்படிக் கிடக்கக்கூடாது."

சுவிசேஷமுத்துவுக்கு விளங்கிவிட்டது. உயிரோடு இருக்கிறவருக்குக் குழி வெட்டும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. வெட்டிய குழி வெறுமனே மூடாது, யாரையாவது வாங்கிக்கொண்டுதான் மூடும் என்பது எல்லாருடைய நம்பிக்கையும். இது மூப்பருக்கும் தெரியும்.

"என்ன நீளம் ஐயா?" என்று கேட்டார். கேட்காமல் வெட்ட முடியாது.

மூப்பர் இரண்டு கையையும் விரித்துக் காட்டப் பார்த்தார். கைகள் பாதியிலேயே நின்றுவிட்டன.

"வெட்டுதேன் ஐயா. ஒரு தயவு. வெட்டும்போது பிள்ளை பேரைச் சொல்லி ஜெபிக்க உத்தரவு வேணும்."

"அது மட்டும் கூடாது," என்று சொல்லிவிட்டு மூப்பர் திரும்பி நடந்தார்.

சுவிசேஷமுத்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். தோட்டத்துக் கற்களெல்லாம் தன்னைப் பார்ப்பதாக அன்று அவருக்குத் தோன்றியது. எத்தனையோ குழி வெட்டியவர்தான். அன்றைக்குக் கை ஓடவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும், பிள்ளையை நானே கீழே இறக்குகிறேனோ என்று நெஞ்சு பதறியது. காய்ந்த மணல் வெட்ட வெட்டச் சரிந்தது. பனந்தடிகளை முட்டுக் கொடுத்து மீண்டும் வெட்டினார். இடுப்பளவு ஆயிற்று, மார்பளவு ஆயிற்று. முதல் தூறல் விழுந்தபோது வேலை முடிந்துவிட்டது. அவர் மேலே ஏறவில்லை. குழிக்குள்ளேயே முழங்கால்படியிட்டார்.

வீட்டில் உட்கார முடியாமல் மூப்பர் அப்போது தோட்டத்துக்கு வந்திருந்தார். குழிக்குள்ளிருந்து குரல் கேட்டு, கரையில் அப்படியே நின்றார்.

"ஆண்டவரே, பேரைச் சொல்ல எனக்கு உத்தரவு இல்ல. அந்தக் கதையிலேயும் பிள்ளைக்கு என்ன பேருன்னு டீச்சர் சொல்லல. ஒரு தகப்பன் உம்ம காலிலே விழுந்தாரு. நீரும் கூடப் போனீரு. வழியிலே ஆள் வந்து, பிள்ளை செத்துப்போச்சு, இனி எதுக்குன்னு சொன்னான். அதுவரைக்கும்தான் நான் படிச்சேன். அதுக்கப்புறம் நீர் என்ன செஞ்சீருன்னு எனக்குத் தெரியாது. என்னை வெளியே அனுப்பிட்டாங்க. நீர் அப்படியே திரும்பிப் போயிருக்கமாட்டீருன்னு மட்டும் தெரியும். அங்க என்ன செஞ்சீரோ, அதை இங்கயும் செய்யும்."

மூப்பருக்கு அந்தக் கதை முழுவதும் தெரியும். ஐம்பது தடவை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறார். நாலைந்து தடவை அவரே பிரசங்கித்திருக்கிறார். முழுவதும் தெரிந்த தான் குழிக்கு அளவு கொடுத்துவிட்டு வந்திருக்க, பாதி மட்டும் தெரிந்த ஒருவர் அந்தக் குழிக்குள் நின்று ஆண்டவரோடு வழக்காடிக்கொண்டிருப்பது அவர் நெஞ்சை அறுத்தது. கரையில் முழங்கால்படியிட்டார்.

"அவ பேரைச் சொல்லும் முத்து," என்றார். "எப்சிபா. சொல்லும்."

"எப்சிபா," என்றார் சுவிசேஷமுத்து. மேலே இருந்த தகப்பனும் அதையே சொன்னார். மழை கொட்டத் தொடங்கியது.

ஓடைப்பக்கத்துக் கரை முதலில் இளகியது. ஒரு பனந்தடி விலகி விழ, அந்தப் பக்கத்து மணல் முழுவதும் குழிக்குள் இறங்கி அவரை இடுப்புவரை அமுக்கிற்று. அவர் ஜெபத்தை நிறுத்தவில்லை. குழி கேட்ட ஆள் இவர்தானோ என்று மூப்பருக்கு ஒரு கணம் தோன்றியது. உடனே குழிக்குள் குதித்து, வெறுங்கையால் மணலைத் தோண்டினார். மண்வெட்டி பிடித்துப் பழகாத கை. நகம் பெயர்ந்து இரத்தம் வந்தது. இரண்டு பேரும் மேலே வந்து விழுந்தபோது, மூப்பர் வீட்டு வேலைக்காரப் பெண் மழையில் நனைந்துகொண்டு ஓடி வந்தாள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா உடனே வரச் சொன்னாவ," என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

மூப்பர் எழுந்திருக்கவில்லை. எல்லாம் முடிந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எந்திரிங்க ஐயா," என்றார் சுவிசேஷமுத்து. "அந்தக் கதையிலேயும் இப்படித்தான் ஆள் வந்தாங்க. போவோம்."

அரை மைல் தூரம். ஊருக்குள் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. மூப்பர் வீட்டுக்குள்ளிருந்து பெண்கள் அழுகிற சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. சுவிசேஷமுத்து வெளிவாசலில் நின்றுகொண்டார். மூப்பர் தனியாக உள்ளே போனார்.

எப்சிபா தாயின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தாய் அழுதுகொண்டே கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தார்.

"திடீர்னு கண்ணத் தொறந்து, சாப்பிடக் குடுங்கன்னா," என்றார் தாய். "டாக்டர் ஒண்ணும் குடுக்கப்படாதுன்னுட்டுப் போனாரு. பிள்ளை கேக்கும்போது எப்படிக் குடுக்காம இருக்க?"

"நான் கேக்கலம்மா," என்றாள் எப்சிபா மெலிந்த குரலில். "அவங்கதான் எனக்குச் சாப்பிடக் குடுக்கச் சொன்னாங்க. கையப் பிடிச்சு, பாப்பா எந்திரின்னாங்க. அப்பா, நீங்களா வந்தீங்க?"

மூப்பர் அந்தச் சின்னக் கையைத் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போனார். மழையில், தலை முதல் கால்வரை செம்மணலோடு நின்றிருந்தவரின் முன்னால் போய்க் கைகூப்பினார்.

"உள்ளே வாரும், முத்து அண்ணாச்சி," என்றார்.

ஊர் என்ன சொல்லிற்று என்றால், பலவும் சொல்லிற்று. காய்ச்சல் தானாகவே இறங்கும் நேரம் வந்திருக்கும் என்றவர்கள் உண்டு. வெட்டிய குழி யாரையும் வாங்காமல் மழை மணலால் மூடிக்கிடந்ததைப் போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பியவர்களும் உண்டு.

மறு ஞாயிறு சுவிசேஷமுத்து பாயில் வந்து உட்கார்ந்தார். எப்சிபாவைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்காரவைத்தவர் மூப்பர்தான். பின்னால் அவரும் உட்கார்ந்துகொண்டார். ரஞ்சிதம் டீச்சர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். ஆண்டவர் திரும்பிப் போகவில்லை. அழுகிறவர்களை வெளியே அனுப்பிவிட்டு, தாயையும் தகப்பனையும் அழைத்துக்கொண்டு, பிள்ளை கிடந்த அறைக்குள் போனார். அவளுடைய கையைப் பிடித்தார். எழுந்திரு என்றார். அவள் எழுந்தாள். அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்று சொன்னார்.

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க," என்றாள் எப்சிபா, டீச்சரைப் பார்த்து. அந்தக் கதையின் பின்பாதியை அவளும் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கிறாள்.

சுவிசேஷமுத்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்ற கூச்சம்கூட இல்லாமல், "நான் கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டாரு டீச்சர்" என்றார்.

அதற்குப் பின்னும் பதினோரு வருஷம் அவர் அந்தப் பாயில் உட்கார்ந்து படித்தார். மூடியிருந்த கதவுகள் அவரைக் கண்டால் திறந்தன. என் பிள்ளை பேரையும் சொல்லுங்க அண்ணாச்சி என்று தாய்மார்கள் ஓடிவந்தார்கள். காலையில் அவருடைய முதல் விண்ணப்பம் மாத்திரம் கடைசிவரை மாறவேயில்லை. தெரிந்தது பாதியென்று ஒளிக்காமல் ஒத்துக்கொண்டு, மீதியை ஆண்டவர் கையில் விட்ட அந்த எளிய அடியாரை நினைக்கும்போதெல்லாம் நம் நெஞ்சும் சற்றே முழங்கால்படியிடுகிறது.